ரசீதில் மூன்றாவது வரி

கேள்வி: வணக்கம். நான் மரத்தில் குழந்தைகளுக்கான பொம்மை செய்து விற்கிறேன். உதவிக்கு இரண்டு பேர். போன மாதம் ஆய்வுக்கு வந்த அதிகாரி, பாதுகாப்பு விதிமுறைகளை நான் பின்பற்றவில்லை என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். அந்த விதிமுறையைக் கேட்டு அலுவலகத்துக்குப் போனேன். நகல் வேண்டுமானால் பணம் கட்டச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்த சீட்டில் மூன்று வரிகள்: தேடுதல் கட்டணம், நகல் கட்டணம், இதர கட்டணம். அந்த ‘இதர’ மட்டும் முதல் இரண்டையும் சேர்த்ததைவிடப் பெரியது. கட்டித்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து புரட்டினால் பதினோராம் பக்கத்தில், ‘சாயமும் சிறு பாகங்களும் இன்ன எண் கொண்ட தரநிலையின்படி இருத்தல் வேண்டும்’ என்று ஒரே வரி. அந்தத் தரநிலையை வேறொரு அமைப்பிடம் தனியாக விலைக்கு வாங்க வேண்டுமாம். அதன் விலைக்கு நான் ஒரு மாதத்துக்கு மரம் வாங்கிவிடுவேன். நான் கீழ்ப்படிந்தே தீர வேண்டிய விதியைப் படிக்க நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்? என்னைப் போலப் பொம்மை செய்கிற நாலு பேருக்கு இந்த நகலைக் கொடுக்கலாமா? கொடுத்தால் தப்பு என்கிறார் கவுன்டரில் இருந்தவர்.

பதில்: எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. பரவாயில்லை. கட்டண விகிதம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் உங்களுக்கு நடந்தது எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. நீங்கள் கொடுத்த பணம் எதற்கு என்று பிரித்துப் பார்த்தால் பாதி விஷயம் தெளிவாகிவிடும்.

தாளுக்கும் செராக்ஸ் மெஷினுக்கும் ஆன செலவு என்றால் கொடுக்கலாம், அதில் தவறில்லை. கோப்பைத் தேடி எடுக்க ஓர் ஊழியர் செலவிட்ட நேரம் என்றால், அது நீதிமன்ற அறைக்கு வெளியே ரொம்ப காலமாக நடக்கிற சண்டை. முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுச் சான்றிட்ட நகலாகக் கொடுத்ததற்கு என்றால், அந்தச் சான்று உங்களுக்குத் தேவையா என்று முதலில் யோசித்திருக்க வேண்டும். இது மூன்றும் இல்லாமல், அந்த விதியைத் தெரிந்துகொள்வதற்கே ஒரு விலை என்றால், அதை மட்டும் விடாதீர்கள். உங்கள் சீட்டின் மூன்றாவது வரி அதுவாகத்தான் இருக்கும் என்று என் மூக்கு சொல்கிறது.

சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்று எல்லா நீதிமன்றங்களும் சொல்லும். சரி, அப்படியென்றால் அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்க வேண்டும் என்பது அதே நியாயத்தின் மறுபக்கம். இந்தியாவில் 1951-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு சின்ன வழக்கு வந்தது. ஹர்லா என்பவருக்கு ஜெய்ப்பூர் அபின் சட்டத்தின் கீழ் 50 ரூபாய் அபராதம். அந்தச் சட்டத்தை ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அமைச்சரவை 1923-இல் தீர்மானமாக நிறைவேற்றியிருந்தது. ஆனால் அரசிதழிலும் போடவில்லை, வேறு எந்த வழியிலும் ஊருக்குச் சொல்லவில்லை. மக்கள் அறிய வழியே இல்லாத ஒன்றை வைத்து ஒருவரைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு முரண் என்று சொல்லி, நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அபராதம் 50 ரூபாய்தான். அந்தத் தீர்ப்பை இன்றைக்கும் வக்கீல்கள் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் விதிமுறை வெளியிடப்பட்ட விதிதான், ஆகவே ஹர்லா தப்பித்த வழி உங்களுக்குத் திறக்காது. ஆனால் வெளியிட்டோம் என்று பெயர் பண்ணுவதற்கும் வெளியிடுவதற்கும் தூரம் உண்டு. ரோமப் பேரரசன் கலிகுலா புதிதாக வரிகள் போட்டுவிட்டு, அந்தச் சட்டத்தை எங்கும் எழுதி வைக்கவில்லையாம். மக்கள் கூச்சல் போட்டபின், யாரும் படியெடுத்துவிடக் கூடாது என்று பொடி எழுத்தில், குறுகலான ஓர் இடத்தில் எழுதி வைத்தானாம். பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதி வைத்திருக்கிற கதை. இன்றைக்கு எழுத்தெல்லாம் பெரிதாகத்தான் இருக்கிறது, கவுன்டர்தான் குறுகலாக இருக்கிறது.

இனி உங்கள் சீட்டுக்கு வருவோம்.

முதல் வரி தேடுதல் கட்டணம். யாரோ ஒருவரின் பழைய மனு, எங்கோ கிடக்கும் ஒரு கடிதம், இப்படி எதையாவது கேட்டால் தேட வேண்டும்தான். அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் சட்டத்தில்கூட, வணிக நோக்கமில்லாத சாதாரண விண்ணப்பதாரருக்கு முதல் இரண்டு மணி நேரத் தேடலும் முதல் 100 பக்க நகலும் இலவசம், அதற்கு மேல்தான் கட்டணம். ஆனால் ஓர் அலுவலகம் தினமும் எதை வைத்து நோட்டீஸ் கொடுக்கிறதோ, அந்த விதிமுறையைத் ‘தேட’ வேண்டியிருக்கிறது என்றால் அது கொஞ்சம் வேடிக்கைதான். ஆய்வுக்கு வந்தவர் பையிலேயே ஒரு பிரதி இருந்திருக்கும். இந்த வரிக்கு நீங்கள் எழுத்தில் விளக்கம் கேட்டால், பெரும்பாலும் தானாகவே விழுந்துவிடும்.

இரண்டாவது, நகல் கட்டணம். பக்கத்துக்கு இவ்வளவு என்று ஏதாவது ஒரு அறிவிக்கையில் விகிதம் போட்டிருப்பார்கள். இந்தியாவில் மத்திய அரசின் 2012-ஆம் ஆண்டுத் தகவல் உரிமை விதிகளின்படி பக்கத்துக்கு 2 ரூபாய். அந்த விதிகளுக்கு அடிப்படையான தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு அலுவலகமும் தன் விதிகள், ஒழுங்குமுறைகள், அறிவுறுத்தல்கள், கையேடுகளை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. அவற்றை இலவசமாகவோ, அச்சுச் செலவு அல்லது ஊடகச் செலவு அளவுக்கோதான் தரலாம். 30 நாள் கெடுவுக்குள் தகவல் தராவிட்டால் பிறகு இலவசமாகத் தர வேண்டும் என்றும் 7-ஆவது பிரிவில் இருக்கிறது. நீங்கள் இருக்கும் இடத்திலும் இதுபோல ஒரு விகிதப் பட்டியல் இருக்கும். உங்கள் ரசீதில் உள்ள தொகையைப் பக்க எண்ணிக்கையால் வகுத்துப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அஞ்சு நிமிட வேலை. இதைச் செய்யாமல் நேராக என்னிடம் வந்து ‘கொள்ளை சார்’ என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

மூன்றாவது வரிதான் விஷயம். அரசு அலுவலகம் ஒரு கட்டணம் வாங்க வேண்டும் என்றால், அதற்கு ஒரு சட்டப் பிரிவோ விதியோ அறிவிக்கையோ இருக்க வேண்டும். ‘இதர’ என்பது சட்டத்தில் ஒரு வகை இல்லை. அது உறையாகவும் இருக்கலாம், தபால் செலவாகவும் இருக்கலாம், சான்றிடும் கட்டணமாகவும் இருக்கலாம், பழைய வழக்கம் என்பதைத் தவிர வேறு ஆதாரமே இல்லாத ஒன்றாகவும் இருக்கலாம். வாயால் கேட்டால் ‘எல்லோரிடமும் வாங்குவதுதான்’ என்பார்கள். ஆகவே எழுத்தில் கேளுங்கள். இப்படி நாலு வரி போதும்:

‘இன்ன தேதியிட்ட, இன்ன எண் ரசீதின்படி இதர கட்டணம் என்று என்னிடம் இவ்வளவு தொகை பெறப்பட்டது. இந்தக் கட்டணம் எந்தச் சட்டப் பிரிவு அல்லது விதியின் கீழ் வசூலிக்கப்பட்டது, எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கும்படியும், அவ்வாறான விதி இல்லையெனில் தொகையைத் திருப்பித் தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.’

‘ஊழல்’, ‘அநியாயம்’ போன்ற சொற்களை அதில் எழுதாதீர்கள். எழுதினால் பதில் அந்தச் சொல்லுக்கு வரும், கேள்விக்கு வராது.

சான்றிட்ட நகலைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. ஜூனியராக இருந்த காலத்தில், சீனியர் என்னை ஓர் அலுவலகத்துக்கு விதிமுறை நகல் வாங்கி வர அனுப்பினார். மூன்று நாள் அலைந்து, கேட்ட கட்டணமெல்லாம் கட்டி, நாற்பது பக்கம் வாங்கி வந்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஊதா நிறத்தில் வட்ட முத்திரை, மேலே குறுக்கே கையெழுத்து. எனக்கு ஒரே பெருமை. விசாரணையில் சீனியர் ஒன்பதாவது விதியைப் படிக்க ஆரம்பித்ததும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, அந்த விதி இரண்டு வருடத்துக்கு முன்பே திருத்தப்பட்டுவிட்டது என்றார். அரசிதழ்ப் பிரதி அவர் கையில் இருந்தது, ஒற்றைத் தாள், முத்திரை கிடையாது. சீனியர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

முத்திரை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்தத் தாள் எங்கள் கோப்பில் இருக்கும் தாளைப் போலவே இருக்கிறது. அந்த விதி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறதா என்று அது சொல்லாது. நீதிமன்றத்திலோ மேல்முறையீட்டிலோ தாக்கல் செய்வதற்குத்தான் சான்று வேண்டும். பட்டறையில் வைத்துப் படிப்பதற்குச் சாதா நகல் போதும். அதைக் கேட்கும்போதும் ‘இன்றைய தேதி வரையிலான எல்லாத் திருத்தங்களுடன்’ என்ற சொற்களைச் சேர்க்க மறக்காதீர்கள். உங்களிடம் இருக்கும் நகலில் அது எந்தத் தேதி வரைக்குமானது என்று எங்காவது போட்டிருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் விலை கொடுத்து வாங்கியது பழைய விதியாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. பணம் கட்டுவதற்கு முன்னால் ‘பார்த்துக்கொள்கிறேன், நகல் வேண்டாம்’ என்று சொல்லிப் பார்த்தீர்களா? பல நாடுகளில் ஆவணத்தைப் பார்வையிடும் உரிமை நகல் பெறும் உரிமையிலிருந்து தனி. இந்தியாவின் அதே 2012 விதிகளில், பார்வையிட முதல் ஒரு மணி நேரம் இலவசம், பிறகு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 5 ரூபாய். உட்கார்ந்து படிக்கலாம், குறிப்பு எடுக்கலாம். உங்களுக்குத் தேவைப்பட்டது இரண்டு மூன்று பக்கம்தானே, முழுப் புத்தகம் இல்லையே. அதற்கும் முன்னால், அரசிதழ் இணையதளத்தைப் பார்த்திருக்கலாம். பிரிட்டனில் சட்டங்களும் அவற்றின் கீழான விதிகளும் ஒரே அரசுத் தளத்தில் இலவசம். இலங்கையிலும் இந்தியாவிலும் அரசிதழ்கள் இணையத்தில் கிடைக்கின்றன. தேடும் வசதிதான் சில இடங்களில் பொறுமையைச் சோதிக்கும். அறிவிக்கை எண்ணும் தேதியும் தெரிந்தால் சீக்கிரம் அகப்படும். இரண்டும் உங்கள் நோட்டீசிலேயே இருக்கும்.

அடுத்து, உங்கள் பதினோராம் பக்கம். உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

சாயத்தில் என்ன இருக்கலாம், எவ்வளவு இருக்கலாம், குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் எந்த அளவு பாகம் தொண்டையில் அடைக்கும் என்பதெல்லாம் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதும் விஷயம் இல்லை. தரநிலை அமைப்புகள் நிபுணர்களைக் கூட்டி வைத்து எழுதுகின்றன. அந்தச் செலவைப் பிரதிகளை விற்றுத்தான் எடுக்கின்றன. அரசு அதைப் பார்த்து, ‘இன்ன எண் தரநிலையின்படி’ என்று ஒரே வரியில் விதிக்குள் இழுத்துக்கொள்கிறது. அரசுக்கு வேலை மிச்சம். ஆனால் அந்த ஒரு வரியோடு, விருப்பமிருந்தால் பின்பற்றலாம் என்றிருந்த ஒரு தொழில்நுட்ப ஆவணம் கீழ்ப்படியாவிட்டால் நோட்டீஸ் வரும் சட்டமாகிவிடுகிறது. விலை மட்டும் பழையபடியே இருக்கிறது.

இதை எதிர்த்து உலகம் முழுக்கச் சண்டை நடந்திருக்கிறது, இன்னும் நடக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸில் வீக் என்பவர், அன்னா, சவாய் என்ற இரண்டு சிற்றூர்களின் கட்டட விதிகளைத் தன் இணையதளத்தில் போட நினைத்தார். சுற்றுவட்டாரத்தில் தேடியும் பிரதி சுலபமாக அகப்படவில்லை. கடைசியில், அந்த ஊர்கள் எடுத்துத் தங்கள் சட்டமாக்கிக்கொண்ட மாதிரி விதித்தொகுப்பை எழுதிய தனியார் அமைப்பிடமே 72 டாலர் கொடுத்து வாங்கிப் போட்டார். அது காப்புரிமை (எழுதியதைப் படியெடுக்கவும் வெளியிடவும் உரிமையாளருக்கு உள்ள உரிமை) மீறல் என்று அமைப்பு எச்சரிக்க, வீக் நீதிமன்றத்துக்குப் போனார், அமைப்பும் எதிர்வழக்குப் போட்டது. 2002-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, அந்த மாதிரித் தொகுப்பு ஊரின் சட்டமாகிவிட்ட பிறகு சட்டம் என்ற அளவில் அதற்குக் காப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது.

2020-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஜார்ஜியா மாநில வழக்கு வந்தது. மாநிலச் சட்டத்தின் சொற்கள் இணையத்தில் இலவசம்தான். ஆனால் எந்தப் பிரிவு செல்லாது என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்ற குறிப்புகளோடு கூடிய அதிகாரபூர்வத் தொகுப்பின் அச்சுப் பிரதி 412 டாலர். மாநிலம் அதற்குக் காப்புரிமை கோரியது. காசு கொடுத்தவர் முதல் வகுப்பு வாசகர், இலவசமாகப் படிப்பவர் செத்துப்போன பிரிவுகளை உயிருள்ளவை என்று நம்பும் சாதா வகுப்பு வாசகர், இப்படி இரண்டு ரகம் வந்துவிடும் என்று தலைமை நீதிபதி சுட்டிக்காட்டினார். 5-க்கு 4 என்ற கணக்கில் மாநிலம் தோற்றது. என்னுடைய ஊதா முத்திரைக் கதை அப்போது எனக்கு ஞாபகம் வந்தது.

உங்களுக்கு மிக நெருங்கியது ஐரோப்பிய வழக்கு. அதுவும் பொம்மைதான்! பொம்மைப் பாதுகாப்பு பற்றிய மூன்று தரநிலைகள், நிக்கல் வெளியேறுவது பற்றிய ஒன்று, ஆக நாலு ஆவணங்களைக் கேட்டு இரண்டு அமைப்புகள் ஐரோப்பிய ஆணையத்திடம் போயின. ஆணையம் மறுத்தது. 2024 மார்ச் 5 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், இவை ஒன்றியச் சட்டத்தின் பகுதி, குடிமக்கள் தங்கள் உரிமையையும் கடமையையும் தெரிந்துகொள்ள இவற்றைப் பார்க்க வேண்டும், ஆகவே வெளியிடுவதில் மேலோங்கிய பொதுநலன் இருக்கிறது என்றது.

இதையெல்லாம் படித்துவிட்டு, தரநிலைகள் எல்லாம் இனி இலவசம் என்று நினைத்துவிட வேண்டாம். ஐரோப்பியத் தீர்ப்பு ஆவணத்தைப் பார்க்கும் உரிமையைப் பற்றியது, காப்புரிமை போய்விட்டது என்று அது சொல்லவில்லை. வீக் வழக்கில்கூட, ஒரு விதியை முழுதாக எடுத்துச் சட்டமாக்குவது வேறு, எண்ணை மட்டும் குறிப்பிடுவது வேறு என்று நீதிமன்றம் பிரித்துப் பேசியது. தரநிலை அமைப்புகளின் கவலையையும் நான் தள்ளிவிட மாட்டேன். நிபுணர்களைக் கூட்டி உட்காரவைக்கக் காசு வேண்டும்தான். ஆனால் அந்தக் காசை, கீழ்ப்படிய வேண்டியவனிடம் படிக்கும் கட்டணமாக வாங்குவதைவிட, அதைச் சட்டமாக்கிப் பயன்பெறும் அரசிடம் வாங்குவதுதான் முறை. இது என் கருத்து, சட்டம் இன்னும் எல்லா இடத்திலும் அந்த இடத்துக்கு வரவில்லை.

ஆகவே அந்தத் தரநிலைக்கு இப்போதே பணம் கட்டாதீர்கள். முதலில் நோட்டீஸ் கொடுத்த அலுவலகத்துக்கே எழுதுங்கள்: ‘என்மீது நடவடிக்கைக்கு ஆதாரமாகக் குறிப்பிட்டுள்ள இந்தத் தரநிலையை நான் எங்கே கட்டணமின்றிப் பார்வையிடலாம்?’ அமெரிக்காவில் இப்படிக் குறிப்பு மூலம் விதிக்குள் வரும் ஆவணம், பாதிக்கப்படுவோருக்கு நியாயமான அளவில் கிடைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, ஒரு பிரதியை அரசிதழ் அலுவலகத்தில் பார்வைக்கும் வைத்திருக்கிறார்கள். அப்புறம், தரநிலை அமைப்பின் தளத்தையே ஒருமுறை பாருங்கள். கணினியில் படிக்க மட்டும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் அமைப்புகள் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைப்பு, தான் உருவாக்கிய தரநிலைகளைப் பதிவு செய்துகொள்பவர்களுக்கு இலவசமாகவே பதிவிறக்கத் தருகிறது. பொறியியல் கல்லூரி நூலகங்களிலும் தரநிலைத் தொகுப்புகள் இருப்பது வழக்கம். இதெல்லாம் முடியாமல் போனால், நீங்களும் அந்த நாலு பேரும் தொழிற்சங்கமாக ஓர் அச்சுப் பிரதி வாங்கி ஓர் இடத்தில் வைத்து எல்லோரும் படிப்பதை யாரும் தடுக்க முடியாது.

அது சரி, நகலைக் கொடுக்கலாமா? விதிமுறை என்றால் பெரும்பாலும் கொடுக்கலாம். அமெரிக்கக் கூட்டாட்சி அரசு எழுதும் எதற்கும் அங்கே காப்புரிமை இல்லை. பிரிட்டனில் காப்புரிமை அரசிடம் இருந்தாலும் திறந்த உரிமத்தின் கீழ் யாரும் பயன்படுத்தலாம். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, அரசிதழில் வந்த விஷயத்தை மறுபதிப்புச் செய்வது மீறல் ஆகாது என்கிறது. சட்டமன்றம் இயற்றிய சட்டம் என்றால் மட்டும் விளக்க உரையோ வேறு சொந்த எழுத்தோ சேர்த்து வெளியிட வேண்டும் என்று ஒரு விநோதமான நிபந்தனை. விதிகளுக்கு அது கிடையாது. கவுன்டரில் இருந்தவர் சொன்னது, ‘எல்லோரும் தனித்தனியாக வந்து வாங்கட்டும்’ என்பதன் இன்னொரு வடிவம் என்றுதான் எனக்குப் படுகிறது. எந்தப் பிரிவின் கீழ் தப்பு என்று அவரையே கேட்டுப் பாருங்கள். தரநிலைப் பிரதி மட்டும் வேறு கதை. அதை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு அப்புறம் எனக்கு எழுதாதீர்கள்.

கடைசியாக, நோட்டீசில் பதில் சொல்லக் கெடு இருக்கும். இந்தக் கடிதப் போக்குவரத்தில் அதைத் தவறவிட்டுவிடாதீர்கள். கெடுவுக்கு முன்னால் ஒரு இடைக்காலப் பதில் போடுங்கள்: விதி சுட்டும் தரநிலை எனக்குக் கிடைக்கவில்லை, இன்ன தேதியில் கேட்டிருக்கிறேன், கிடைத்தபின் விரிவாகப் பதில் தர அவகாசம் வேண்டும். கேட்ட கடிதத்தின் நகலை அதோடு இணைத்து, கொடுத்ததற்கு அத்தாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இடைப்பட்ட நாட்களில் அந்தச் சாயம் அடித்த பொம்மைகளை விற்காமல் ஒதுக்கி வையுங்கள். இது கட்டணத்துக்காகச் சொல்லவில்லை, அதை வாயில் வைக்கப் போவது குழந்தை.

அந்த மூன்றாவது வரிக்கு என்ன பதில் வந்தது என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், ஒரு செராக்ஸும் எடுத்து வையுங்கள்.